வீட்டுச் சுவருக்கு நிலமும் கடலும்: நீர்வண்ண நிலக்காட்சிகளையும் அரூபக் கடலோவியங்களையும் வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் காகிதத்தில் தீட்டிய ஓவியம் ஒன்றை வீட்டில் மாட்ட நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓவியம் எத்தனை ஆண்டுகள் நிறம் குன்றாமல் இருக்கும் என்பதை ஓவியரின் கைத்திறன் தீர்மானிப்பதில்லை; அவர் எடுத்துக்கொண்ட காகிதமும், பயன்படுத்திய நிறமியும், ஃபிரேம் போடுபவர் செய்யும் வேலையும், நீங்கள் தேர்ந்தெடுக்கும் சுவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நான் முதன்முதலில் வாங்கிய நீர்வண்ணம் காவிரிக்கரைப் படித்துறை ஒன்றைக் காட்டுவது. அதை ஃபிரேம் கடைக்காரர் ஒருவர் பசை தடவி அட்டையில் முழுவதுமாக ஒட்டிவிட்டார். இரண்டு மழைக்காலங்களுக்குள் வானம் இருந்த பகுதியெங்கும் பழுப்புப் புள்ளிகள் படர்ந்தன. ஒட்டியதைப் பிரிக்கவும் வழியில்லை. அந்த இழப்பு இன்னும் என் மனத்தில் இருப்பதால், அழகைப் பற்றிப் பேசும் இடங்களிலும் பொருளைப் பற்றி விரிவாகவே பேசப்போகிறேன்.

முதல் படி: ஓவியத்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள். காலை எட்டு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, மாலை நான்கு மணிக்கு எங்கே விழுகிறது, வடகிழக்குப் பருவமழையின்போது எந்தச் சுவரில் ஈரம் கசிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் மழை அடிக்கும் சுவரும், குளியலறைக்கு மறுபுறம் உள்ள சுவரும், அடுப்படி ஆவியும் எண்ணெய்ப் புகையும் வந்து சேரும் சுவரும் நீர்வண்ணத்துக்கு உகந்தவையல்ல. வீட்டின் நடுவே இரண்டு அறைகளுக்கு இடையில் நிற்கும் உட்சுவரே பாதுகாப்பானது.

ஒளியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. நம் வீட்டு ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். வெளிச்சத்தால் நேரும் வெளிறல் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போவது. ஓவியத்தைப் பிறகு இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. இங்கிலாந்தின் ஓவியர் டர்னர் தீட்டிய 38 நீர்வண்ணங்களை ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு உயில் எழுதிவைத்தபோது, ஆண்டில் வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1900-இலிருந்து அந்த நிபந்தனையைக் கடைப்பிடித்ததால், அந்த ஓவியங்களின் நீலமும் மஞ்சளும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. நம்மால் அவ்வளவு கடுமையாக இருக்க முடியாது. ஆனால் மேற்கு வெயில் நேராக விழும் சுவரைத் தவிர்க்க எவராலும் முடியும்.

வெளிச்சம் நிறைந்த கூடம்தான் உங்களிடம் இருக்கிறது, அங்கேதான் ஓவியம் வேண்டும் என்றால், அந்தச் சுவருக்கு நல்ல நிறமிகளால் தீட்டிய அக்ரிலிக் அல்லது எண்ணெய் வண்ணக் கடலோவியத்தைத் தேர்ந்தெடுங்கள். நீர்வண்ணத்தை வாசிப்பறைக்கோ வீட்டின் உட்புற நடைக்கோ ஒதுக்குங்கள். இந்தப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் பிறகு எழும் பாதிக் குழப்பங்கள் எழுவதில்லை.

அளவைப் பொறுத்தவரை, பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டி, நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெட்டி, சுவரில் நான்கு நாள் ஒட்டிவைத்துப் பாருங்கள். முழுத்தாள் நீர்வண்ணக் காகிதம் 22க்கு 30 அங்குலம். அரைத்தாள் 15க்கு 22 அங்குலம். அரைத்தாள் ஓவியத்தைச் சுற்றி மூன்று அங்குல மவுண்ட்டும் (ஓவியத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வரும் அட்டை விளிம்பு) ஓர் அங்குலச் சட்டமும் வைத்தால் சுவரில் அது 23க்கு 30 அங்குலமாகிவிடும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது சிறிதாகத் தெரிந்தது வீட்டில் பெரிதாவதும், கலைக்கூடத்தின் உயர்ந்த சுவரில் அளவாகத் தெரிந்த கேன்வாஸ் பத்தடி உயரக் கூடத்தில் அடைத்துக்கொண்டு நிற்பதும் வழக்கமாக நடப்பவை. சோபாவின் மேல் மாட்டுவதாயின், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் பொதுவாகப் பொருந்தும்.

இரண்டாம் படி: நிலக்காட்சியைத் திணைக் கண்ணால் பாருங்கள்

நல்ல நிலக்காட்சி எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் நம் திணை இலக்கணத்தையே அளவுகோலாகச் சொல்லுவேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் மரம், பறவை, மக்கள், தொழில் ஆகியவை கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். சந்தையில் கிடைக்கும் அலங்கார ஓவியங்களில் பெரும்பாலானவை கருப்பொருளால் நிரம்பியிருக்கின்றன: தென்னை, ஓடம், குடத்துடன் ஒரு பெண், பறந்து போகும் நாரைகள். ஆனால் அது எந்த ஊர், என்ன பொழுது என்று கேட்டால் ஓவியத்தில் விடை இருக்காது. அங்கே நின்றவருக்கு என்ன தோன்றியது என்பதும் இருக்காது. அத்தகைய ஓவியம் ஆறே மாதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நாள்காட்டியைக் கடந்து போவதுபோல அதையும் கடந்து போகிறோம்.

எனவே ஒரு நிலக்காட்சியின் முன் நிற்கும்போது முதலில் பொழுதைத் தேடுங்கள். நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் விழுகின்றனவா, வானத்தின் நிறம் தரையிலும் தண்ணீரிலும் எதிரொலிக்கிறதா, கார்காலத்து மாலையின் ஈரம் தெரிகிறதா, சித்திரை நண்பகலின் வெளிறல் தெரிகிறதா என்று பாருங்கள். சென்னைக் கடற்கரை என்று பெயரிட்டு, கடலுக்குள் சூரியன் மறைவதாகத் தீட்டிய ஓவியங்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. பௌர்ணமி மாலையில் நிலவும் கடலிலிருந்தே எழுகிறது. மாலைச் சூரியன் நகரத்துக்குப் பின்னால்தான் இறங்குகிறது. அந்த ஓவியர் அங்கே நின்று பார்த்ததில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வங்கக்கடலின் நிறமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை: மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் மண் கலந்து சாம்பலும் பழுப்புமாக இருக்கும், தை, மாசியில் தெளிந்து பசுநீலமாகும். இதை அறிந்த கை தீட்டிய ஓவியத்தில் நீலம் ஒரே நீலமாக இருக்காது.

நீர்வண்ணத்துக்கே உரிய சில அடையாளங்கள் உண்டு. வெள்ளை பெரும்பாலும் காகிதத்தின் வெள்ளையாகவே இருக்கும்; அலை நுரையையும், கோயில் சுவரில் படும் வெயிலையும் ஓவியர் வண்ணம் பூசாமல் விட்டுவிட்டுக் காட்டியிருப்பார். ஆங்காங்கே ஒளிபுகா வெள்ளையைத் தொடுவது குற்றமன்று. ஆனால் ஓவியம் முழுவதும் அதை நம்பியே நின்றால் நீர்வண்ணத்தின் ஒளி போய்விடும். வண்ணப் படலங்கள் கண்ணாடிபோல ஒன்றன்மேல் ஒன்று தெரிய வேண்டும். மூன்று நான்கு முறை திருத்தித் திருத்தித் தேய்த்த இடம் சேறுபோல மங்கியிருக்கும். வானத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால் அந்த ஓவியத்தை விட்டுவிடுங்கள். வானத்தை ஈரம் காய்வதற்குள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியிருப்பதால், ஓவியரின் துணிவும் தயக்கமும் அங்கேதான் முதலில் வெளிப்படுகின்றன.

மூன்றாம் படி: அரூபக் கடலின் முன் நிற்பது

அரூபக் கடலோவியம் வாங்கத் தயங்குபவர்கள் அதிகம். "இதை என் குழந்தையும் செய்துவிடும்" என்ற ஐயம் ஒருபுறம், புரியவில்லை என்று சொல்ல வெட்கம் மறுபுறம். மேலே சொன்ன திணைக் கண்ணே இங்கும் உதவும். நல்ல அரூபக் கடலோவியம் கருப்பொருளை உதிர்த்துவிட்டு, முதற்பொருளையும் உரிப்பொருளையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. ஓடமும் பறவையும் போய்விட்டன. ஆனால் நீரின் எடையும் வானத்தின் விரிவும் பொழுதும் இருக்கின்றன. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்த நமக்கு, கரையில் நின்று ஒருவர் காத்திருக்கும் உணர்வை ஓர் உருவமும் இல்லாமல் வெறும் சாம்பல் நீலம் தர முடியும் என்பது அந்நியமான எண்ணமாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்த அச்சுதன் கூடல்லூரின் அரூப ஓவியங்களின் முன் நின்றவர்கள், உருவம் இல்லாமல் வண்ணம் மட்டுமே ஒருவரை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும் என்பதை அறிவார்கள்.

அரூப ஓவியத்தைச் சோதிக்க நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பதினைந்தடி தள்ளி நின்று பார்க்கிறேன், பிறகு ஆறடியில், பிறகு மூக்கு தொடும் தூரத்தில். மூன்று தூரத்திலும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். தொலைவில் மட்டும் அழகாக இருந்து அருகில் வெறும் பூச்சாக இருப்பவையும், அருகில் பளபளத்துத் தொலைவில் கலைந்துபோகிறவையும் வீட்டில் நீண்ட நாள் தாங்குவதில்லை. அடுத்து, கண்களைப் பாதி மூடிப் பார்க்கிறேன், அல்லது கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கிறேன். நிறம் போன பிறகும் இருளும் ஒளியும் ஒரு கட்டமைப்பாக நிற்கின்றன என்றால் ஓவியர் யோசித்திருக்கிறார். எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால் அந்த ஓவியம் நிறத்தின் இனிமையை மட்டும் நம்பி நிற்கிறது. மூன்றாவதாக, விளிம்புகளைப் பார்க்கிறேன். நடுவில் வேகமாகத் தீட்டிவிட்டு ஓரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமனே நிரப்பியிருப்பது அவசரத்தின் அடையாளம்.

கடைசியாக, முடிந்தால் ஓவியரின் அதே வரிசையில் வந்த வேறு ஐந்தாறு ஓவியங்களைக் காட்டச் சொல்லுங்கள். தற்செயலாக ஒன்று நன்றாக அமைந்துவிடலாம். ஒரு தேடல் இருந்தால் அது வரிசையில் தெரியும்.

இப்போது இணையத்தில் பெருமளவில் விற்கப்படும் ரெசின் கடலலைப் படங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பலகையின் மேல் எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசினை ஊற்றி, வெப்பக்காற்றால் நுரை வரவழைத்துச் செய்யும் அந்தப் படங்கள் பார்த்தவுடன் கவர்கின்றன. எபாக்சி வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சளாகும் தன்மை உடையது. வெள்ளை நுரையும் வெளிர்நீலமும்தான் அந்தப் படத்தின் உயிர் என்பதால் மஞ்சள் அங்கேதான் முதலில் தெரியும். சிறு கைவினைப் பொருளாக வாங்குவதில் தவறில்லை. ஓவியத்துக்கான விலை கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான்காம் படி: காகிதத்தையும் நிறமியையும் கேளுங்கள்

விலையைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டையும் கேளுங்கள். நேர்மையான ஓவியர் மகிழ்ச்சியுடன் விடை சொல்லுவார்.

காகிதம் நூறு விழுக்காடு பருத்தியில் செய்ததாகவும் அமிலமற்றதாகவும் இருக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அல்லது அதற்கு மேற்பட்ட கனம் இருந்தால் நல்லது. மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருந்தால் அது காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி நொறுங்கும். பழைய நாளிதழ் பழுப்பாவதும் அதே காரணத்தால்தான். பருத்திக் காகிதத்துக்கு அந்தக் குறை இல்லை. பிரான்சின் ஆர்ஷ் போன்ற காகிதங்களில் ஓரத்தில் நீர்க்குறி இருக்கும். ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும். கையால் செய்த காகிதமும் நல்லதே. ஆனால் பருத்தியா, கலவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிறமிகளைப் பொறுத்தவரை, ஓவியர் தரத்து வண்ணக் குழாய்களில் ஒளி தாங்கும் திறனுக்கான மதிப்பீடு அச்சிடப்பட்டிருக்கும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் அளவுகோலில் ஒன்று அல்லது இரண்டு என்றால் நம்பலாம். குழாயில் பி.ஆர். 83 என்ற நிறமிக் குறியீட்டால் குறிக்கப்படும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, ஒளிரும் இளஞ்சிவப்புச் சாயங்கள் ஆகியவை விரைவில் வெளிறுபவை. நிலக்காட்சியில் இதன் விளைவு விசித்திரமாக இருக்கும்: அந்திவானத்தின் சிவப்பு மட்டும் மறைந்து, நீலம் நிலைத்து நின்று, மாலை நேரம் மெல்ல மெல்ல நண்பகலாகிவிடும். மாறாக இரும்பு ஆக்சைடு மண் நிறங்களும், அல்ட்ராமரைன், கோபால்ட் நீலங்களும், தாலோ நீலமும் உறுதியானவை. மண்ணும் கடலும் தீட்டுபவருக்கு இயற்கையாகவே அமையும் வசதி இது. "மாணவர் தரம்" என்று எழுதிய வண்ணங்களில் நிறமி குறைவாகவும் நிரப்புப் பொருள் அதிகமாகவும் இருக்கும் என்பதால், மலிவான ஓவியத்தில் எந்த வண்ணம் பயன்படுத்தப்பட்டது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேன்வாஸ் ஓவியமாயின், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணி இறுக்கமாக இருக்கிறதா, சட்டம் வளையாத மரமா, மூலைகளில் ஆப்பு அடிக்க இடம் இருக்கிறதா, மரத்தில் துளைகளோ பொடியோ தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். ஈரக்காற்றில் துணி தளர்வதும் வறட்சியில் இறுகுவதும் இயல்பு; ஆப்பு இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கனமான எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே காய ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம் என்பதால், புதிதாகத் தீட்டிய எண்ணெய் ஓவியத்தை வாங்கினால் வார்னிஷ் எப்போது பூசப்படும், யார் பூசுவார்கள் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அசலா, அச்சா?

அச்சுப் படம் வாங்குவது தவறன்று. அச்சுப் படத்தை அசல் என்று நினைத்து வாங்குவதுதான் இழப்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்றை எப்போதும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் நுண்ணிய மைப்புள்ளிகள் ஒழுங்காகவோ தெளித்ததுபோலவோ தெரியும். அசல் நீர்வண்ணத்தில் காகிதத்தின் பள்ளங்களில் நிறமித் துகள்கள் தங்கியிருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வண்ணத்தின் அடியில் பென்சில் கோடு, ஈரம் திரும்பி ஓடி உண்டாக்கிய பூக்கோசு வடிவ விளிம்பு, காகிதத்தின் லேசான நெளிவு ஆகியவையும் கைவேலையின் சான்றுகள்.

கேன்வாஸில் ஏமாற்று இன்னும் நுட்பமானது. கேன்வாஸ் துணியில் அச்சடித்து, அதன் மேல் தெளிந்த பசையைத் தூரிகையால் தடவி, தீட்டியதுபோலத் தோன்றச் செய்கிறார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள்: தூரிகைத் தடம் ஒரு திசையிலும் வண்ண எல்லைகள் வேறு திசையிலும் போனால் அது அச்சு. தடமும் நிறமும் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக முடிய வேண்டும்.

பழைய காட்சிகளை விரும்புபவர்களுக்கு ஒரு சொல். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792-93-இல் தென்னகத்தில் பயணம் செய்து மாமல்லபுரம் உள்ளிட்ட இடங்களைத் தீட்டினார்கள்; பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை அவற்றை அக்வாடிண்ட் என்ற செப்புத்தகட்டு முறையில் அச்சிட்டு, கையால் நிறம் தீட்டி வெளியிட்டார்கள். இன்று கடைகளில் தொங்கும் டேனியல் படங்களில் மிகப் பெரும்பாலானவை அவற்றின் அண்மைக்கால மறு அச்சுகளே. சுவருக்கு அழகு என்ற அளவில் வாங்குங்கள். பழைய நீர்வண்ணம் என்று சொல்லி விலை கேட்டால் லென்ஸை எடுங்கள். உண்மையிலேயே நூறாண்டு கடந்த ஓவியம் என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது என்பதையும் வெளிநாட்டில் வாழும் உறவினருக்காக வாங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: எங்கே தேடுவது

கண்ணைப் பழக்கும் வரை வாங்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966-இல் ஓவியர்களே சேர்ந்து நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தில் அருங்காட்சியகமும் விற்பனைக் கூடமும் இருக்கின்றன. பிற்காலத்தில் எழுத்தையும் குறியீட்டையும் கொண்டு தீட்டிய பணிக்கரே, இளமையில் கேரளத்து நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டித்தான் பெயர் பெற்றார் என்பது இந்த வழிகாட்டியைப் படிப்பவருக்குப் பயன்படும் செய்தி: நிலக்காட்சிக்கும் அரூபத்துக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. அதே சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவிலும் கலைக்கூடம் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் நடக்கும் கண்காட்சிகளில் பல நேரம் ஓவியரே உட்கார்ந்திருப்பார். காகிதம், நிறமி பற்றிய கேள்விகளை நேராகக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை.

குறைந்த செலவில் நல்ல நீர்வண்ணம் வேண்டுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, 1850-இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலும் பயின்ற இளம் ஓவியர்களைத் தேடுங்கள் என்பதே. 'அவுட்டோர்' என்று அவர்கள் சொல்லும் வெளிப்புறப் பயிற்சியில் படித்துறையிலும் துறைமுகத்திலும் தெருமுனையிலும் உட்கார்ந்து தீட்டிய தாள்களில், ஸ்டுடியோவில் கிடைக்காத பொழுதின் உண்மை இருக்கும். ஆண்டுதோறும் ஜனவரியில் பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தேக்கு ஒருமுறை போய்வருவதும் நல்லது. ஒரே நாளில் பலதரப்பட்ட ஓவியங்களையும் விலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தெருச்சந்தை உதவும்.

ஏழாம் படி: விலையும் ரசீதும்

நம் நாட்டில் பல ஓவியர்கள் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். அந்த வீதம் அவருடைய அனுபவத்தையும் முந்தைய விற்பனைகளையும் பொறுத்தது. கலைக்கூடத்தின் வழியே வாங்கும்போது விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்துக்குப் போவது வழக்கம் என்பதால், ஓவியர் கையில் சேர்வது நீங்கள் கொடுப்பதைவிடக் குறைவு. அதற்காகக் கூடத்தில் பார்த்துவிட்டுப் பின்வழியாக ஓவியரிடம் குறைத்துக் கேட்பது முறையன்று. கட்டுப்படியாகவில்லையென்றால் தவணையில் தரலாமா, அதே ஓவியரின் சிறிய அளவு ஓவியம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் இசைவார்கள். விலையில் ஜிஎஸ்டியும் ஃபிரேமும் அனுப்பும் செலவும் அடங்குமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

ரசீதில் ஓவியரின் பெயர், ஓவியத்தின் தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம், அசல் என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். ஓவியர் கையெழுத்திட்ட, ஓவியத்தின் படம் ஒட்டிய சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. பத்தாண்டு ஒரே சுவரில் பார்க்க விரும்பும் ஓவியத்தை மட்டும் வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஓவியம் உங்களுடையதானாலும் அதன் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அவருடைய இசைவில்லாமல் அதை நாள்காட்டியிலோ அழைப்பிதழிலோ அச்சிடக் கூடாது.

எட்டாம் படி: இணையத்தில் வாங்குவதாயின்

திரை பின்னாலிருந்து ஒளிர்வது; காகிதம் முன்னால் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. ஆகவே திரையில் கண்ட நீலம் வீட்டுக்கு வரும்போது ஒரு படி அடங்கியே இருக்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம், பின்பக்கப் படம், அருகில் கையையோ அளவுகோலையோ வைத்து எடுத்த படம், சிறிய காணொளி ஆகியவற்றைக் கேளுங்கள். சோபாவுக்கு மேல் தொங்குவதாகக் காட்டும் கணினிப் படங்களில் அளவு உண்மையாக இருப்பதில்லை. எண்களை மட்டும் நம்புங்கள்.

நீர்வண்ணத்தைக் கண்ணாடியில்லாமல் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள்; ஃபிரேமை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். பெரிய கேன்வாஸைச் சுருட்டி அனுப்புவதாயின் வண்ணம் வெளிப்புறமாக இருக்கும்படி அகன்ற குழாயில் சுருட்ட வேண்டும். உட்புறமாகச் சுருட்டினால் வண்ணம் மடிந்து வெடிக்கும். அக்ரிலிக் பரப்பு வெப்பத்தில் சற்று இளகும் தன்மையுடையது என்பதால் குமிழ்த்தாளை நேராக அதன் மேல் சுற்றக் கூடாது. மே மாத வெயிலில் லாரியில் வந்த ஒரு கடலோவியத்தின் மேல் குமிழ்களின் வட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நடுவே ஒட்டாத தாள் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஃபிரேம்

இந்தப் படியில் காட்டும் கவனத்துக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. ஃபிரேம் கடையில் நீங்கள் அருகில் நின்று சொல்ல வேண்டியவை சில. ஓவியத்தை எங்கும் பசையால் முழுமையாக ஒட்டக் கூடாது, செல்லோடேப்பும் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு தாள் கீல்களால், பிற்காலத்தில் தண்ணீரால் பிரிக்கக்கூடிய மாவுப்பசை கொண்டு தொங்கவிட வேண்டும். மற்ற மூன்று பக்கமும் காகிதம் விரியவும் சுருங்கவும் விடுதலையாக இருக்க வேண்டும். மவுண்ட் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். சாதாரண அட்டையின் வெட்டு விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பாகும்போது அந்த அமிலம் ஓவியத்துக்கும் இறங்கிவிடும். மவுண்ட் அழகுக்காக மட்டும் இருப்பதில்லை. கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் இடைவெளி தருவது அதன் முதல் வேலை. தொட்டால், மழைக்கால இரவில் கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரம் நேராக வண்ணத்தில் இறங்கிப் பூஞ்சைக்கு இடம் தரும்.

பின்பக்கம் அமிலமற்ற அட்டையும், அதன் பின்னே கெட்டிப் பலகையும் வைத்து, சுற்றிலும் தாள் நாடாவால் அடைக்கச் சொல்லுங்கள். இராமபாணப் பூச்சி மாவுச்சத்தை விரும்பி உண்பது; சிறு இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போய் காகிதத்தின் மேல்தோலைச் சுரண்டிவிடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை கூடுதல்தான். வெளிச்சம் மிகுந்த அறைக்கு அந்தச் செலவு தகும், ஆனால் அது காணும் ஒளியால் வரும் வெளிறலைத் தடுப்பதில்லை. கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம். விளிம்பு தெரியும்படி சிறு இடைவெளி விட்ட மெல்லிய மரச்சட்டம் கடலோவியத்துக்கு மிகவும் பொருந்தும்.

பத்தாம் படி: மாட்டுவதும் பேணுவதும்

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் வருமாறு மாட்டுவது பொது வழக்கம். ஆனால் தரையில் பாய் விரித்தோ தாழ்ந்த திவானிலோ உட்காரும் அறையில் ஓர் அடி இறக்கி மாட்டினால்தான் பார்ப்பவர் கழுத்துக்கு வசதி. கடற்கரைக்கு அருகில் உப்புக்காற்றில் இரும்புக் கொக்கியும் கம்பியும் துருப்பிடித்து ஒருநாள் அறுந்துவிடும் என்பதால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்; அகலமான ஓவியத்துக்கு ஒன்றுக்கு இரண்டு கொக்கிகள். ஃபிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் ஓவியத்துக்கும் நடுவே காற்று ஓடும். நம் ஈரப்பதத்தில் பூஞ்சைக்கு எதிரான மிக மலிவான பாதுகாப்பு அதுவே. தனி விளக்கு வைப்பதாயின் நிறத்தைச் சரியாகக் காட்டும், 90-க்கு மேல் சிஆர்ஐ மதிப்புள்ள எல்இடி விளக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் அது சட்டத்தின் கீழ் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். கேன்வாஸை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தூசி தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். இரண்டு மூன்று நீர்வண்ணங்கள் சேர்ந்துவிட்டால், ஆண்டில் சில மாதம் ஒன்றை மாட்டி மற்றவற்றை இருண்ட அலமாரியில் தட்டையாக வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். மழை ஓய்ந்த பிறகு, பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளில், ஒவ்வோர் ஓவியத்தையும் இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தாள் நாடா பிரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். சுவரில் ஈரத் தடம் தெரிந்தால் சுவர் காயும்வரை ஓவியத்தை மீண்டும் மாட்டாதீர்கள். கண்ணாடிக்குள் பஞ்சுபோல ஏதேனும் தெரிந்தால் நீங்களே துடைக்க முயலாமல், காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் அப்படியே எடுத்துச்செல்லுங்கள்.